ஷேர்பாயின்ட் உள்ளடக்கத் தரவுத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்ற பேக்கப்பும் ரீஸ்டோரும் போதுமா?

கேள்வியின் சாரம் இது. ஆவணங்களைச் சேமித்துப் பகிர அலுவலகம் பயன்படுத்தும் ஷேர்பாயின்ட் 2016 தளம், எஸ்.கியூ.எல். சர்வர் 2014 என்ற தரவுத்தள மென்பொருளில் உள்ள தரவுத்தளத்தோடு பழைய சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய சர்வரில் அதன் பிந்தைய பதிப்பான ஷேர்பாயின்ட் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் நிறுவியாகிவிட்டது. உள்ளடக்கத் தரவுத்தளம் ஏறத்தாழ 180 ஜிபி. ஒரு வார இறுதிக்குள் மாற்றியாக வேண்டும். பேக்கப் எடுத்து, புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்து, தளத்தோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா?

முடியாது. ஆனால் உங்கள் கவலை தவறான இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 180 ஜிபியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இந்த வேலையிலேயே எளிதான பகுதி. எஸ்.கியூ.எல். அதைச் சொன்னபடி செய்துகொடுக்கும். திங்கட்கிழமை காலை உங்கள் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கப்போவது அந்தத் தரவுத்தளத்துக்குள் இல்லாத விஷயங்களுக்காக. எனவே பேக்கப் கட்டளையைத் தட்டுவதற்கு முன், தளத்தின் எந்தெந்தப் பகுதி தரவுத்தளத்துக்கு வெளியே வாழ்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். என் அனுபவத்தில் இந்தக் கணக்கெடுப்புக்குத்தான் அதிக நாள் பிடிக்கும், பிடிக்கத்தான் வேண்டும்.

அதற்கு முன் பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-லிருந்தும் 2019-லிருந்தும் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு நேரடியாகத் தரவுத்தளத்தை இணைத்து மேம்படுத்தலாம். 2013-இல் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. இடையில் ஒரு 2016 ஃபார்மை, அதாவது ஷேர்பாயின்டை ஓட்டும் சர்வர்களின் தொகுப்பை, அமைத்து, அதன் வழியாகத்தான் வர வேண்டும். சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு எஸ்.கியூ.எல். சர்வர் 2019 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. 2014-இல் எடுத்த பேக்கப்பை 2019-இல் ரீஸ்டோர் செய்ய முடியும். அங்கே ஒருமுறை ஏறிய தரவுத்தளத்தை மறுபடி 2014-க்கு இறக்கவே முடியாது. இந்தக் காரணத்தால்தான் கோப்புகளைக் கழற்றி எடுத்துப் புதிய சர்வரில் மாட்டும் முறையை, அதாவது டிடாச், அட்டாச் முறையை, நான் பரிந்துரைப்பதில்லை. பேக்கப் எடுத்தால் பழைய தளம் அப்படியே உயிரோடு இருக்கும். கோப்பையே தூக்கிக்கொண்டுபோய், அது புதிய பதிப்புக்கு மாறியும்விட்டால், திரும்பி வர வழி இருக்காது. காலமும் உங்கள் பக்கம் இல்லை: எஸ்.கியூ.எல். 2014-க்கான ஆதரவு 2024 ஜூலை 9-இல் முடிந்தது. ஷேர்பாயின்ட் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் குறித்த கடைசி நாள் 2026 ஜூலை 14.

இனி கணக்கெடுப்பு. உள்ளடக்கத் தரவுத்தளத்துக்குள் இருப்பவை: தளங்கள், பட்டியல்கள், ஆவணங்கள், அவற்றின் பழைய பதிப்புகள், தளத்துக்குள் கொடுத்த அனுமதிகள், மறுசுழற்சித் தொட்டியில் கிடப்பவை. இவை எல்லாம் உங்களோடு வந்துவிடும். வராதவற்றைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

முதலாவது, தனிப்பயன் தீர்வுகள். டபிள்யூ.எஸ்.பி. எனப்படும் தீர்வுப் பொதிகளாக ஃபார்மில் நிறுவியவை. பக்கத்தில் பொருத்திய சிறு கருவியான வெப் பார்ட்டின் குறிப்பு மட்டுமே தரவுத்தளத்தில் இருக்கிறது. அதை இயக்கும் நிரல் சர்வரின் வட்டில் இருக்கிறது. அந்தத் தீர்வை எழுதிக்கொடுத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், மூல நிரல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலான அலுவலகங்களில் இதுதான் நிலைமை. கலங்க வேண்டாம். பழைய ஃபார்மின் தீர்வுக் கிடங்கிலிருந்தே பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரம் வழியாக ஒவ்வொரு தீர்வின் கோப்பையும் வட்டில் சேமித்துக்கொள்ளலாம். கெட்-எஸ்பிஃபார்ம் கட்டளை தரும் ஃபார்முக்குள் சொல்யூஷன்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொன்றின் சொல்யூஷன்ஃபைல் பண்பிலும் சேவ்ஆஸ் என்ற வழிமுறை உண்டு. அவற்றைப் புதிய ஃபார்மில் சேர்த்து நிறுவிய பிறகுதான் தரவுத்தளத்தை இணைக்க வேண்டும், அதற்கு முன் கூடாது.

இதைவிடச் சங்கடமானவை, எந்தத் தீர்வுக்குள்ளும் அடங்காமல் யாரோ கையால் செய்துவைத்த மாற்றங்கள். வெப்.கான்ஃபிக் கோப்பில் சேர்த்த இரண்டு வரிகள், சர்வரின் 16 என்ற கோப்புறைக்குள் நேரே போட்டுவைத்த ஒரு பக்கம், விண்டோஸின் வலைச் சர்வரான ஐ.ஐ.எஸ்.-இல் மாற்றிய ஓர் அமைப்பு. இவற்றை எந்தக் கட்டளையும் பட்டியல் போட்டுத் தராது. புதிதாக நிறுவிய ஃபார்மின் கோப்புகளையும் பழையவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது, வெப் அப்ளிகேஷனுக்கான, அதாவது தளங்களைத் தாங்கும் முகவரிக்கான, அமைப்புகள். பதிவேற்றத்தின் உச்ச அளவு, தடை செய்த கோப்பு வகைகள், பெரிய பட்டியல்களுக்கான வரம்பு, மாற்று முகவரிகள், மேனேஜ்டு பாத் எனப்படும் முகவரிப் பாதைகள், ஆப்ஜெக்ட் கேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்புக்கான இரண்டு சிறப்புக் கணக்குகள். இவை ஃபார்மின் அமைப்புகளுக்கென்று உள்ள கான்ஃபிகரேஷன் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதை இன்னொரு ஃபார்முக்கு எடுத்துச் செல்ல முடியாது. எனவே ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டு புதிய இடத்தில் கையால் அமைக்க வேண்டும். மேனேஜ்டு பாத் ஒன்று விடுபட்டால், அதன் கீழ் இருக்கும் தளங்கள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தாலும் உலாவியில் திறக்காது.

மூன்றாவது, மேனேஜ்டு மெட்டாடேட்டா. இங்கே சற்று நிற்கிறேன், ஏனென்றால் இதில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். ஆவணங்களுக்குத் துறை, திட்டம், ஆவண வகை என்று சொற்பட்டியலிலிருந்து குறிச்சொல் இடும் பத்திகள் உங்கள் தளத்தில் இருக்கலாம். அந்தச் சொற்பட்டியல் உள்ளடக்கத் தரவுத்தளத்தில் இல்லை; அதற்கென்று தனிச் சேவையும் தனித் தரவுத்தளமும் உண்டு. பத்தியில் சேமித்திருப்பது, சொற்கிடங்கின் அடையாள எண்ணும் சொல்தொகுப்பின் அடையாள எண்ணும். சொற்களை ஒரு சி.எஸ்.வி. கோப்பாக எடுத்துப் புதிய ஃபார்மில் இறக்குமதி செய்தால் சொற்கள் வந்துவிடும்; திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் புதிய அடையாள எண் விழுந்திருக்கும். பத்தி தேடுவதோ பழைய எண்ணை. பயனர் ஆவணத்தைத் திருத்தப் போகும்போது அந்தப் பத்தி சாம்பல் நிறத்தில் முடங்கிக் கிடக்கும். சொற்கள் கண்ணெதிரே இருக்கும்போது இதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். சரியான வழி ஒன்றே: அந்தச் சேவையின் தரவுத்தளத்தையும் பேக்கப் எடுத்து, புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்து, அதையே சுட்டும்படி புதிய ஃபார்மில் சேவையை உருவாக்குவது. அப்போது எண்கள் மாறாது.

பயனர் விவரச் சேவையையும், கடவுச்சொற்களைக் காத்துவைக்கும் செக்யூர் ஸ்டோர் சேவையையும் இதே முறையில் கொண்டுவரலாம். செக்யூர் ஸ்டோருக்கு அதன் பாஸ்ஃபிரேஸ் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். 2013 வகைப் பணியோட்டங்கள் வொர்க்ஃப்ளோ மேனேஜரில், அதற்குரிய தரவுத்தளங்களில் இருக்கின்றன. அவை இருந்தால் அது தனித் திட்டமாகவே வளரும். தேடல் அட்டவணை எதோடும் வராது. புதிய ஃபார்மில் முழு கிராலை, அதாவது எல்லாவற்றையும் படித்து அட்டவணைப்படுத்தும் வேலையை, ஓட்டி முடிக்கும்வரை தேடல் பெட்டி வெறும் பெட்டிதான். இதைப் பயனர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆவணங்களே தொலைந்துவிட்டதாக நினைப்பார்கள்.

பெரிய கோப்புகளைத் தரவுத்தளத்துக்கு வெளியே வைக்கும் ஆர்.பி.எஸ். வசதியை யாராவது இயக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இயக்கியிருந்தால், அந்த வெளிக் கிடங்கைச் சேர்க்காத பேக்கப்பில் ஆவணங்களின் பெயர்கள் மட்டுமே வரும், ஆவணங்கள் வராது.

கணக்கெடுப்பு முடிந்ததும் எஸ்.கியூ.எல். பக்கம். ஷேர்பாயின்டுக்கு மேக்ஸ்டாப் எனப்படும் இணைச் செயல்பாட்டின் உச்ச அளவு 1 ஆக இருக்க வேண்டும். எஸ்.கியூ.எல். 2019-ஐ நிறுவும்போது நிறுவும் திரையே பிராசசர் எண்ணிக்கையைப் பார்த்து வேறொரு எண்ணை முன்வைக்கும். நிறுவுபவர் கவனிக்காமல் அடுத்ததை அழுத்திவிடுவார். சரிபாருங்கள். கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி, லேட்டின்1_ஜெனரல்_சிஐ_ஏஎஸ்_கேஎஸ்_டபிள்யூஎஸ் ஆக இருக்க வேண்டும். எஸ்.கியூ.எல். சேவையின் கணக்குக்கு வட்டுப் பராமரிப்பு உரிமையைக் கொடுத்துவிட்டால், ரீஸ்டோர் செய்யும்போது தரவுக் கோப்பை முழுக்கப் பூஜ்ஜியங்களால் நிரப்பும் நேரம் மிச்சமாகும். ரீஸ்டோர் ஆன தரவுத்தளம் தன் பழைய வளர்ச்சி அமைப்பையும் சுமந்துவரும். பழைய எஸ்.கியூ.எல். பதிப்புகளில் உருவானதென்றால் தரவுக் கோப்பு 1 எம்பி எம்பியாக வளரும்படி இருக்கக்கூடும். அதைச் சில நூறு எம்பிக்கு உயர்த்துங்கள்.

புதிய ஃபார்ம் எஸ்.கியூ.எல். சர்வரின் உண்மைப் பெயரைப் பிடித்துத் தொங்காமல், ஒரு மாற்றுப்பெயர் வழியாகச் செல்லும்படி ஆரம்பத்திலேயே அமைத்துவிடுங்கள். ஷேர்பாயின்ட் சர்வர் ஒவ்வொன்றிலும் சிஎல்ஐகான்ஃப்ஜி என்ற சிறு கருவியில் இதைச் செய்யலாம். நாளை எஸ்.கியூ.எல். சர்வரை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், மாற்றுப்பெயர் சுட்டும் இடத்தை மாற்றினால் போதும்.

இப்போது ஒத்திகை. நான் இதில் பிடிவாதக்காரன். ஒத்திகை இல்லாத வார இறுதி மாற்றத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கடந்த வாரத்துப் பேக்கப் ஒன்றை எடுத்துப் புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்யுங்கள். வெப் அப்ளிகேஷனை உருவாக்கும்போது அதோடு ஒரு வெற்று உள்ளடக்கத் தரவுத்தளமும் உருவாகும், அதை நீக்கிவிடுங்கள். பிறகு டெஸ்ட்-எஸ்பிகன்டென்ட்டேட்டாபேஸ் கட்டளையை, தரவுத்தளத்தின் பெயரையும் வெப் அப்ளிகேஷனையும் கொடுத்து ஓட்டுங்கள். அது தரவுத்தளத்தை எதுவும் செய்யாது, படித்துப் பார்த்து அறிக்கை மட்டும் தரும்.

அந்த அறிக்கையைக் கண்டு பயப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குறைக்கும் வகை, செய்தி, தீர்வு ஆகியவற்றோடு, மேம்படுத்தலை இது தடுக்குமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதிலும் இருக்கும். முதலில் அந்தப் பதிலைப் பாருங்கள். பெரும்பாலானவை தடுக்காதவை. உதாரணமாக மிஸ்ஸிங்செட்டப்ஃபைல் என்ற வகை: இன்ன கோப்பைத் தரவுத்தளத்தில் இத்தனை இடங்கள் குறிப்பிடுகின்றன, ஆனால் அது இந்த ஃபார்மில் நிறுவப்படவில்லை என்று சொல்லும். அந்தக் கோப்பின் பாதையில் தீர்வின் பெயர் தெரிந்தால், நீங்கள் நிறுவ மறந்த டபிள்யூ.எஸ்.பி. எது என்று தெரிந்துவிடும். நிறுவிவிட்டு மறுபடி ஓட்டினால் ஒரே வீச்சில் இருபது வரிகள் மறையும். இன்னும் சில, பல ஆண்டுகளுக்கு முன் நீக்கிய ஒரு கருவியின் எச்சங்களாக இருக்கும். அந்தக் கருவி இருந்த பக்கம் மறுசுழற்சித் தொட்டியின் இரண்டாம் அடுக்கில் கிடக்கும். அவற்றைப் பழைய ஃபார்மிலேயே ஷேர்பாயின்டின் வழிமுறைகளைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள். தரவுத்தளத்துக்குள் நேரே போய் வரிகளை அழிக்கும் எஸ்.கியூ.எல். கட்டளைகளை இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளடக்கத் தரவுத்தளத்தில் நேரடியாகக் கைவைத்தால் மைக்ரோசாஃப்ட் ஆதரவு தராது. அதைவிட மோசம், உடைந்தது எது என்பது மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கலாம்.

அறிக்கை தெளிந்ததும் மவுன்ட்-எஸ்பிகன்டென்ட்டேட்டாபேஸ். மேம்படுத்தல் இந்தக் கட்டளையில்தான் நடக்கிறது. பல தரவுத்தளங்கள் இருந்தால், முகவரியின் வேர்த்தளம் எதில் இருக்கிறதோ அதை முதலில் இணைக்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்து வையுங்கள். உங்கள் வார இறுதித் திட்டத்தில் நம்பத்தக்க எண் அது ஒன்றுதான். முடிந்ததும், லாக்ஸ் கோப்புறையில் அப்கிரேட் என்று தொடங்கும் கோப்பையும், அதன் பிழைகளுக்கான தனிக் கோப்பையும் திறந்து படியுங்கள்.

ஒத்திகைக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, புதிய ஃபார்மில் மின்னஞ்சல் அமைப்பை இப்போது இணைக்கவே கூடாது. பயனர்கள் அமைத்துவைத்த விழிப்பூட்டல்கள் உள்ளடக்கத் தரவுத்தளத்தோடு வந்துவிடும். ஒத்திகையில் நீங்கள் ஓர் ஆவணத்தைத் திருத்திப் பார்த்தால், பின்னணி வேலைகளை ஓட்டும் டைமர் சேவை உண்மையான ஆட்களுக்கு உண்மையான அஞ்சல் அனுப்பும். இரண்டு, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளத்தின் அசல் முகவரியைப் புதிய சர்வருக்குத் திருப்பிச் சோதியுங்கள்; முகவரியையே மாற்றிச் சோதிப்பது வேறு தளத்தைச் சோதிப்பதாகும். புதிய சர்வரிலேயே உட்கார்ந்து அந்த முகவரியைத் திறந்தால் கடவுச்சொல்லை மூன்று முறை கேட்டு 401 என்ற அனுமதி மறுப்புப் பிழையைக் காட்டலாம். அது தளத்தின் கோளாறு அல்ல, சர்வர் தன்னையே அழைப்பதைத் தடுக்கும் விண்டோஸின் லூப்பேக் சோதனை. வேறு கணினியிலிருந்து பாருங்கள்.

இனி அந்த வார இறுதி. 180 ஜிபிக்கு எளிய வழியே போதும். பயனர்கள் வெளியேறிய பிறகு, பழைய எஸ்.கியூ.எல்.-இல் தரவுத்தளத்தை ரீட் ஒன்லி நிலைக்கு மாற்றுங்கள். ஷேர்பாயின்ட் அதைத் தானே உணர்ந்துகொண்டு, ஆவணங்களைப் படிக்க மட்டும் விடும். மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதும் யாரும் ஆவணத்தைப் பார்க்க முடியாமல் தவிக்க வேண்டியதில்லை. பேக்கப்புக்கு முன், தரவுத்தளம் சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை ஓட்டுங்கள். பேக்கப்பில், சிதைவைக் கண்டறிய உதவும் செக்சம் விருப்பத்தைச் சேருங்கள். புதிய சர்வரில் ரீஸ்டோர் ஆனதும், அந்த நகலும் ரீட் ஒன்லியாகவே பிறக்கும். அதை ரீட் ரைட் நிலைக்கு மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். இந்த ஒரு வரியை மறந்துவிட்டு, இணைப்புக் கட்டளை ஏன் மறுக்கிறது என்று நள்ளிரவில் அனுமதிகளைத் துழாவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

தரவுத்தளம் டெராபைட் கணக்கில் இருந்தால் இந்த வழிக்கு நேரம் போதாது. அப்போது முழுப் பேக்கப்பை வாரத்தின் நடுவிலேயே எடுத்து, புதிய சர்வரில் நோரெகவரி நிலையில், அதாவது அடுத்த பேக்கப்புக்காகக் காத்திருக்கும் நிலையில், ரீஸ்டோர் செய்துவைத்து, வார இறுதியில், முழுப் பேக்கப்புக்குப் பின் மாறியவற்றை மட்டும் கொண்ட டிஃபரென்ஷியல் பேக்கப்பை மேலே ஏற்றுவார்கள். நானும் ஒரு பெரிய தரவுத்தளத்துக்கு அப்படித்தான் திட்டமிட்டேன். புதன்கிழமை முழுப் பேக்கப் ரீஸ்டோர் ஆகிவிட்டது. சனிக்கிழமை இரவு தளத்தை நிறுத்தி, டிஃபரென்ஷியல் எடுத்து ஏற்றினேன். பிழை எண் 3136: தரவுத்தளம் சரியான முந்தைய நிலையில் இல்லை. இடையில் வெள்ளிக்கிழமை இரவு, வழக்கமான பேக்கப் வேலை தன் கடமையைச் செய்து இன்னொரு முழுப் பேக்கப் எடுத்திருந்தது. என் டிஃபரென்ஷியல் அந்த வெள்ளிக்கிழமைப் பேக்கப்புக்கு உரியது, புதன்கிழமைக்கு உரியது அல்ல. அந்த வெள்ளிக்கிழமைக் கோப்பை நகலெடுத்து முதலிலிருந்து ரீஸ்டோர் செய்ததில் ஞாயிறு பிற்பகல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து, அந்த வாரம் வழக்கமான முழுப் பேக்கப்புகள் எல்லாம் காப்பி ஒன்லி விருப்பத்தோடு ஓடும்படி மாற்றாமல் நான் இந்த வேலையைத் தொடங்குவதில்லை. காப்பி ஒன்லி பேக்கப் டிஃபரென்ஷியலுக்கு அடிப்படையாக ஆகாது. எனவே சங்கிலியைக் கலைக்காது. உங்கள் முதல் முழுப் பேக்கப்பில் மட்டும் அந்த விருப்பம் இருக்கக் கூடாது.

இணைத்து முடித்ததும் எண்களை ஒப்பிடுங்கள்: தளத்தொகுப்புகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் அளவு, பெரிய பட்டியல்கள் பத்தின் உருப்படிக் கணக்கு. இவற்றைப் பழைய ஃபார்மில் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். பிறகு, பல பதிப்புகள் கொண்ட ஓர் ஆவணத்தைத் திறந்து அதன் மூன்றாம் பதிப்பைப் பாருங்கள். குறிச்சொல் பத்தி உள்ள ஓர் ஆவணத்தைத் திருத்திச் சேமியுங்கள். நிர்வாகி அல்லாத ஒருவரை உள்நுழையச் சொல்லுங்கள். இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். நிர்வாகிக்கு எல்லாமே திறக்கும், அதனால் நிர்வாகி செய்யும் சோதனை அனுமதிகளைப் பற்றி எதையும் சொல்லாது. எல்லாம் சரி என்றால் மின்னஞ்சல் அமைப்பை இணைத்து, தளத்தின் பெயர் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் டி.என்.எஸ்.-ஐ மாற்றுங்கள். அதன் டி.டி.எல். மதிப்பை, அதாவது கணினிகள் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, இரண்டு நாள் முன்பே குறைத்து வைத்திருந்தால், மாற்றம் சில நிமிடங்களில் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

திரும்பிப் போகும் வழி எப்போது அடைபடும் என்பதையும் உங்கள் மேலதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். டி.என்.எஸ்.-ஐ மாற்றுவதற்கு முன்பு வரை, பழைய தரவுத்தளத்தை ரீட் ரைட்டுக்குத் திருப்பினால் எதுவும் நடக்காதது போல் ஆகிவிடும். புதிய தளத்தில் முதல் பயனர் முதல் ஆவணத்தைச் சேமித்த பிறகு, திரும்பிப் போனால் அந்த ஆவணம் தொலைந்துபோகும். எனவே தொடர்வதா, திரும்புவதா என்ற முடிவு ஞாயிறு மாலை ஒரு குறித்த மணிக்கு, ஒரு குறித்த ஆளிடமிருந்து வர வேண்டும்.

பழைய சர்வரை உடனே அணைக்க வேண்டாம். ஒரு மாதமாவது ரீட் ஒன்லி நிலையில், வேறொரு முகவரியில், உங்களுக்கு மட்டும் திறக்கும்படி வைத்திருங்கள். காலாண்டுக் கணக்கு முடிக்கும் ஒருவர் மூன்றாம் வாரம் வந்து, ஒரு படிவம் முன்பு வேறு மாதிரி இருந்தது என்பார். அப்போது பழைய தளத்தைத் திறந்து பார்த்தால், விடுபட்ட அமைப்பு எது என்று அங்கேயே தெரியும். அந்த மாதம் முடிந்து, கடைசி முழுப் பேக்கப் ஒன்றை எடுத்து, அது ரீஸ்டோர் ஆகிறது என்று சோதித்த பிறகு சர்வரை ஒப்படைத்துவிடலாம்.